பட்டா நோட்டில் ஒரு கையெழுத்து: நடக்காமல் போன குற்றங்களைப் பற்றி

காங்கேயத்துக்குத் தெற்கே, எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் போன தை மாதம் ஒரு பாராட்டு விழா நடந்தது. ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவருக்கு ஊர்க்காரர்களே கூடி எடுத்த விழா. கட்சிக் கொடி இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை. பத்து மணிக்குப் பொன்னாடை, பதினொன்றரைக்குப் பந்தி. எஸ்.எஸ்.ஐ. ஆகி ரிட்டையர் ஆகிவிட்டாலும் ஊருக்கு அவர் இன்னும் ஏட்டையாதான். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதனால் இங்கேயும் ஏட்டையா என்றே இருக்கட்டும்.

மைக் பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல். இவரை என்ன சொல்லிப் பாராட்டுவது? பேப்பரில் வந்த கொலை வழக்கு எதையும் அவர் துப்புத் துலக்கவில்லை. பெரிய கும்பலைப் பிடித்தவரும் இல்லை. "நல்ல மனுசனுங்க", "எப்பக் கூப்புட்டாலும் வருவாருங்க" என்று நாலு பேர் சொன்னார்கள். ஐந்தாவது ஆளுக்கும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அப்புறம் எழுபத்தைந்து வயது தாண்டிய ஓர் ஆத்தா, மேடை ஏறாமல் கீழேயே நின்று, மஞ்சப்பையிலிருந்து நாலு நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"என்ற ஊட்டுக்காரரு போயிப் பதினோரு வருசமாச்சுங்க. தோட்டத்துல நா ஒருத்திதானுங்க. இதுல பூராம் இவுரு போட்ட கையெழுத்துங்க. எண்ணிப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான் பேசினார். போய் உட்கார்ந்துவிட்டார்.

பந்திக்கு முன்னால் அந்த நோட்டுகளை வாங்கிப் புரட்டினேன். நீளவாக்கில் கணக்கு எழுதுகிற அட்டை நோட்டு. மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கோத்திருந்தது. மோட்டார் ரூம் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக் கிடந்ததால் ஓட்டையைச் சுற்றித் துரு வட்டமாகப் பிடித்திருந்தது. வரிக்கு வரி தேதி, நேரம், கையெழுத்து. 1.40. 12.50. 3.15. நேரம் ஒருநாள் போல ஒருநாள் இல்லை. சில வரிகளுக்குப் பக்கத்தில் நாலு வார்த்தை கூடுதலாக இருந்தது. "வாசல் லைட் எரியவில்லை." "நாய் குரைக்கவில்லை, எழுப்பிப் பார்த்தேன், நலம்." "மகன் வந்துள்ளார், கார் நிற்கிறது." ஓரிடத்தில், "தெற்கு வேலியில் புதுக் கடவு." கடவு என்றால் எங்கள் பக்கம் வேலியில் ஆள் புகுந்து போகிற வழி. ஆறு வரி தள்ளி, "கடவு அடைத்தாயிற்று."

போலீஸில் இதற்குப் பட்டா புத்தகம் என்று பெயர். ராத்திரி ரோந்து போகிற காவலர் சொன்ன இடத்துக்கெல்லாம் போனாரா என்பதற்கு அத்தாட்சி அது. வங்கி, நகைக்கடை, கோயில், பஸ் ஸ்டாண்டு என்று ஸ்டேஷன் எல்லைக்குள் இடம் பார்த்து நோட்டு வைப்பார்கள். காவலர் வந்து கையெழுத்துப் போடுவார், மேலதிகாரி எப்போதாவது வந்து சரிபார்ப்பார். காவலரைக் கண்காணிக்க வந்த நோட்டு அது. ஏட்டையா அதையே வீட்டைக் கண்காணிக்கிற நோட்டாக ஆக்கிக்கொண்டார். அவருடைய முப்பத்தேழு வருட வேலையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் போதும் என்று நினைக்கிறேன்.

நடந்த குற்றத்துக்கு ஓர் எண் உண்டு. குற்ற எண், வருடம், சட்டப்பிரிவு என்று எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடும். மாவட்டக் கணக்கில் சேரும், மாநிலக் கணக்கில் சேரும், கடைசியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் போய் நிற்கும். பிடித்தால் ஒரு வெகுமதி, தண்டனை வாங்கிக் கொடுத்தால் இன்னொன்று. நடக்காமல் போன குற்றத்துக்கு எந்த ரிஜிஸ்டரிலும் இடம் இல்லை. திருட வந்தவன் வேலி ஓரம் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிப் போனால், அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காவலருக்கே தெரியாது.

இத்தனைக்கும் போலீஸ் என்ற ஏற்பாடே தடுப்பதற்காகத்தான் வந்தது. 1829-ல் ராபர்ட் பீல் லண்டனில் பெருநகரக் காவல் துறையை உண்டாக்கியபோது, அதன் முதல் வேலை குற்றம் நடக்காமல் பார்த்துக்கொள்வது என்றுதான் காவலர்களுக்குச் சொல்லப்பட்டது. நம் பக்கம் 1859-ல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. அந்த வருடம் செப்டம்பர் 6-ஐ நினைவில் வைத்துத்தான் இப்போது தமிழ்நாட்டில் காவலர் நாள் கொண்டாடுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னாலேயே சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரி வருகிறது. ஊரைக் காப்பதற்கு ஊர் கொடுத்த வரி. காவல் என்ற சொல்லிலேயே பிடிப்பது இல்லை, காப்பதுதான் இருக்கிறது.

இனி எங்கள் நாட்டுக்கு வருகிறேன். கொங்கில் குற்றத் தடுப்பைப் பேச வேண்டுமென்றால் வீடுகள் எப்படி இருக்கின்றன என்பதில் தொடங்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் தெரு தெருவாக வீடு இருக்கும், வயல் ஊருக்கு வெளியே. இங்கே ஊர் என்று ஓர் இடம் இருந்தாலும் பாதிப் பேர் தோட்டத்தில்தான் குடியிருப்பார்கள். காரணம் கிணறு. மாடு கட்டிக் கவலை (கமலை) ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் கோழி கூப்பிட மாடு பூட்ட வேண்டும். ஊரிலிருந்து நடந்து வந்து அந்த வேலை ஆகாது. அதனால் கிணற்றை ஒட்டிச் சாளை போட்டார்கள், கட்டுத்தரை போட்டார்கள், பிறகு அதுவே ஓட்டு வீடாகி, தார்சு வீடாகி நின்றுவிட்டது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவில் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடு, கிளுவை வேலி, இரண்டு வேலிக்கு நடுவில் இட்டேரி. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பக்கத்து வீடு இருக்காது.

அன்றைக்கு அது பயமாக இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அப்பாரு, அப்பத்தா, மூன்று மகன்கள், மருமகள்கள், பட்டியில் படுக்கிற ஆள், பண்ணையத்துக்கு இருந்த குடும்பம். இப்போது பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பண்ணையத்தில் இருந்த குடும்பம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டது. தோட்டத்தில் மிச்சம் இருப்பது இரண்டு வயதானவர்கள், ஒரு நாய், ஆத்தா கழுத்தில் இருக்கிற சங்கிலி.

1979-ல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். குற்றம் நடக்க மூன்று சேர வேண்டும்: செய்யத் துணிந்த ஆள், எடுக்கத் தோதான பொருள், பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத நேரம். அவர்கள் எழுதியது அமெரிக்காவில் எல்லோரும் வேலைக்குப் போய்ப் பகலில் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்து. ஆனால் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டங்கள்தான் கண்ணில் வந்தன. ஆளும் பொருளும் எந்தக் காலத்திலும் இருந்ததுதான். மூன்றாவதுதான் ஒரு தலைமுறைக்குள் கைவிட்டுப் போனது.

அதன் விலை என்ன என்பதைச் சமீபத்தில் பார்த்துவிட்டோம். 2024 நவம்பர் கடைசியில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்கள் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த இன்னொரு வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. நடந்து சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு இன்றும் நெஞ்சை அடைப்பது அந்தச் சில நாள்தான். அந்த மாதமே ஆட்களைக் கைது செய்து, இரண்டு சம்பவத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காவல் துறை சொன்னது. தனியாக இருக்கும் முதியவர்களைக் கணக்கெடுத்தார்கள், ரோந்தைக் கூட்டினார்கள். நல்லதுதான். ஏட்டையா அந்தக் கணக்கைப் பல வருடம் முன்பே எடுத்து வைத்திருந்தார். அவரிடம் ஒரு சின்ன டைரி உண்டு: எந்தத் தோட்டத்தில் யார், பிள்ளைகள் எங்கே, போன் நம்பர், காது கேட்குமா, ராத்திரி எந்தத் திண்ணையில் படுக்கிறார்கள்.

ரோந்து போனாலே குற்றம் குறைந்துவிடுமா? இல்லை என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1972, 73-ல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் பதினைந்து ரோந்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்துக் காரை நிறுத்திவிட்டார்கள், ஐந்தில் பழையபடி விட்டார்கள், ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள். குற்றத்திலும் வித்தியாசம் இல்லை, மக்கள் பயத்திலும் வித்தியாசம் இல்லை. சும்மா சுற்றிவருகிற வண்டியால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். பிறகு 2009-ல் ஃபிலடெல்ஃபியாவில் குற்றம் அதிகம் நடக்கிற அறுபது இடங்களைப் பார்த்துக் காவலர்களை நடந்து ரோந்து போகவிட்டார்கள். அங்கே வன்முறைக் குற்றங்கள் 23 சதவீதம் குறைந்தன. பெருநகர மூலைக்கும் எங்கள் இட்டேரிக்கும் தூரம் அதிகம், அதை மறக்கவில்லை. ஆனால் எங்கே போவது, எப்படிப் போவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் புரிகிறது.

ஏட்டையா இதையெல்லாம் படித்தவர் இல்லை. 1980-களின் கடைசியில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பட்டாலியன், ஆயுதப்படை என்று சுற்றி, பிறகு தாலுகா ஸ்டேஷனுக்கு வந்தவர். பத்து வருடத்தில் முதல் நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் எஸ்.எஸ்.ஐ. என்று நெடுங்காலம் இருந்த வழக்கப்படி ஏறியவர். விழா முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நோட்டில் நேரம் ஏன் மாறி மாறி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒரே நேரத்துக்குப் போனா அது ரோந்து இல்லீங்க, பஸ்ஸு. டைம் பாத்து வெச்சுக்குவானுங்க" என்றார். அப்புறம் சேர்த்துக்கொண்டார்: "பைக்க ரோட்டுலயே நிறுத்திப்போட்டு இட்டேரில நடந்துதான் போவேன். சத்தம் கேட்டா நாய் நம்மளப் பாத்துக் கொரைக்கும். நமக்கு நாய் எதப் பாத்துக் கொரைக்குதுன்னு தெரியோணும்."

இரண்டு திருட்டைப் பற்றி அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒன்று ஆடு. கொறங்காட்டில் பட்டி போட்டிருக்கிற ஆடுகள் எப்போது திருடு போகின்றன என்று அவர் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். சந்தைக்கு முந்தின ராத்திரிதான் அதிகம். திருடிய ஆட்டை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, அது கத்தும். விடிவதற்குள் விற்றாக வேண்டும். ஆக, நூறு பட்டிக்குக் காவல் இருப்பதைவிடச் சந்தை வாசலில் விடியற்காலை நாலு மணிக்கு நின்று, "யாரு ஆடுங்க, எந்த ஊருங்க" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருப்பது பலன் கொடுத்தது. இன்னொன்று மோட்டார் வயர். கிணற்று மோட்டாருக்கும் போர்வெல்லுக்கும் போகிற கேபிளை அறுத்துக்கொண்டு போய், மேல் உறையை எரித்துவிட்டு, உள்ளே இருக்கிற செம்பை விற்பார்கள். தோட்டக்காரருக்குப் பத்தாயிரம் ரூபாய் நஷ்டம், தண்ணீர் இல்லாமல் பயிரும் வாடும். அவர் பழைய இரும்புக் கடைகளுக்குத்தான் போனார். கருகிய செம்பு கொண்டுவருகிறவன் பெயர், ஊர், வண்டி நம்பரை எழுதி வைக்கச் சொன்னார். வாரம் ஒருமுறை போய் அந்த நோட்டைப் பார்த்தார். விற்க வழி இல்லாத பொருளை யாரும் சிரமப்பட்டுத் திருட மாட்டார்கள். தடுப்பு என்பது பாதி நேரம் இப்படித்தான் வேலை செய்கிறது: திருடனைத் துரத்துவதில் இல்லை, திருட்டை லாபம் இல்லாததாக ஆக்குவதில்.

ஒரு தோட்டத்தில் வயர் போனால் அதே தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் அடுத்த சில வாரங்களில் மறுபடி போக வாய்ப்பு அதிகம் என்பதும் உலகம் முழுக்கப் பார்க்கப்பட்ட விஷயம். வழி தெரிந்துவிட்டது, புது வயர் போட்டிருப்பார்கள் என்றும் தெரியும். அதனால் புகார் வந்த தோட்டத்துக்குத்தான் அவர் அடிக்கடி போனார். "அங்கதான் வந்துட்டுப் போயிட்டானே" என்று ஸ்டேஷனில் சொன்னார்களாம். வந்துவிட்டுப் போனதால்தான் போக வேண்டும்.

திருட்டைவிட எங்கள் பக்கம் அதிகம் உயிர் எடுப்பது தகராறு. வேலி, வண்டித்தடம், பொதுக்கிணற்றில் பங்கு, மடைத் தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். வாய்க்கால் கடைமடைப் பக்கம் ராத்திரியில் யார் மடையைத் திறந்தார்கள் என்பதில் அண்ணன் தம்பிக்குள்ளேயே மண்வெட்டி ஓங்கிவிடும். கொலை வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று வருடம் முந்தின ஒரு மனு இருக்கும். ஒன்றரையடி வேலி நகர்ந்தது பற்றிய மனு. யாரும் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள்.

சிவில் விவகாரத்தில் போலீஸ் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சொன்னால் அது கட்டப்பஞ்சாயத்து. அந்தப் பெயரில் நடந்த அநியாயங்கள் கொஞ்சமில்லை. அப்படியானால் "கோர்ட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்புவதா? நடுவில் ஒரு குறுகலான தடம் இருக்கிறது, அதில் நடப்பதற்குத்தான் அனுபவம் வேண்டும். ஏட்டையா முதலில் செய்வது மனுவை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுப்பது. வெறும் காகிதம்தான், ஆனால் கையில் ரசீது இருக்கிறவன் கத்தியைத் தேட மாட்டான், தன் பேச்சைக் கேட்டார்கள் என்று ராத்திரி தூங்குவான். அடுத்து, இரண்டு பேரையும் சர்வேயருக்கு மனுப் போடச் சொல்வார். அளக்கிற நாள்வரை யாரும் வேலியைத் தொடுவதில்லை என்று பேசி வைப்பார். அளக்கிற அன்றைக்கு ஓரமாகப் போய் நிற்பார். எல்லை எது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை இரண்டு தரப்பும் சர்வே முடிவதற்குள் கருப்பராயன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து அவர்களாகவே முடித்துக்கொண்டார்களாம். "அது கருப்பராயன் கேசு, நம்ம கணக்குல வராதுங்க" என்று சிரித்தார்.

பேசி ஆகாத இடத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஊரில் "நூத்தியேழு போட்டுட்டாங்க" என்று சொல்வோமே, அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு. அமைதியைக் குலைப்பார் என்று தெரிந்தால் நிர்வாக நடுவர் முன் நிறுத்தி, இத்தனை நாள் ஒழுங்காக இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது. வழக்கமாகக் குற்றம் செய்கிறவர்களுக்கு 110. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 126, 129 ஆகிவிட்டன. 151-ன்படி முன்கூட்டியே கைது செய்வது இப்போது 170. இதற்கெல்லாம் மேலே 1982-ஆம் வருடத்துக் குண்டர் தடுப்புச் சட்டம், ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம்.

இங்கே நான் கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். தடுப்பு என்ற சொல்லுக்கு ஒரு கறுத்த வரலாறும் உண்டு. இன்னும் செய்யாத குற்றத்துக்காக ஒருவர் மேல் கை வைப்பது என்பது சந்தேகத்தை நம்பித்தான் நடக்கிறது. சந்தேகம் எப்போதும் ஏழை மேலும் அந்நியன் மேலும்தான் முதலில் விழும். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பை வைத்தே மொத்தச் சமூகங்களைக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தது. பின்னால் கைரேகைப் பதிவோடு வாழ வேண்டிய நிலைமையும் வந்தது. நாம் வாய்க்கு வந்தபடி சொல்லும் "கேடி" என்ற வசவே போலீஸ் பதிவேட்டு ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துச் சுருக்கம்தான். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், காவல் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்திருந்த அரசாணைகளை ரத்து செய்தது. பிடிப்பவரும் விசாரித்து உள்ளே தள்ளுபவரும் ஒரே துறையாக இருக்கக் கூடாது என்பதுதான் அதில் இருக்கிற நியாயம். குண்டர் சட்ட ஆணைகளையும் நீதிமன்றங்கள் அடிக்கடி ரத்து செய்கின்றன.

மக்களைச் சேர்த்துக்கொண்டு தடுப்பது என்பதும் இரு பக்கம் கூரானது. 1993-ல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் நல்ல நோக்கத்தில் பிறந்து மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் கொடுமைப்பட்டு இறந்த பிறகு, அந்த அமைப்பின் மேலும் குற்றச்சாட்டு எழுந்து, தமிழ்நாட்டில் அது நிறுத்தப்பட்டது. சீருடை இல்லாதவன் கையில் லத்தி கொடுத்தால் நட்பு எங்கே போகும் என்பதற்கு அது பாடம்.

திருப்பூரில் இந்தக் கேள்வி தினசரி வாழ்க்கை. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்றைக்குச் சாயங்காலம் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளிகள் கையில் பணத்தோடு சந்து வழியாக அறைக்கு நடந்து போவார்கள். வழிப்பறிக்காரன் காத்திருப்பது அவர்களுக்குத்தான். பறிகொடுத்தவன் மொழி தெரியாமல், ஸ்டேஷனுக்குப் போகப் பயந்து பேசாமல் இருந்துவிடுவான். ஊர் என்னவோ "வடக்கத்தியான் வந்துதான் திருட்டு கூடிப் போச்சு" என்று பேசும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பலர் ரயில் ஏறிப் போனார்கள். காவல் துறை இந்தியில் பேசி, குடியிருப்புகளுக்கே நேரில் போய்ப் பயத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. தடுப்பு வேலையில் இதுவும் சேரும். அவனை ஆபத்தாகப் பார்ப்பதா, ஆபத்தில் இருப்பவனாகப் பார்ப்பதா என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. ஏட்டையா கொஞ்ச காலம் அந்தப் பக்கம் வேலை பார்த்தபோது, எண்ணுவதற்கும் பெயர் கேட்பதற்கும் வேண்டிய இந்தி கற்றுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் டீக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே அந்தச் சந்துகளின் கதையைத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

பண மோசடி கொங்கின் இன்னொரு தீராத நோய். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி முதலீட்டு மோசடி 2012-ல் எத்தனை குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியது என்று எங்களுக்குத் தெரியும். இப்போது போனில் "டிஜிட்டல் கைது" என்று மிரட்டி ஓய்வூதியத்தைச் சுருட்டுகிறார்கள். எந்தப் போலீஸும் வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். ஏட்டையா ரிட்டையர் ஆன பிறகும் ரேஷன் கடை வரிசையில் நின்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, இப்படிப்பட்ட வேலைக்கு அரசு என்ன மரியாதை வைத்திருக்கிறது? பதக்கங்கள் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் காவல் பதக்கங்கள் 1951 முதல், வருடத்துக்கு இரண்டு முறை. பொங்கலுக்கு முதலமைச்சரின் காவல் பதக்கம், செப்டம்பர் 15-க்கு அண்ணா பதக்கம், கள்ளச்சாராய ஒழிப்புக்குக் காந்தியடிகள் காவலர் பதக்கம். வாங்கியவர்கள் தகுதியானவர்கள்தான், அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கீழ்நிலைக் காவலரின் பணிப் பதிவேட்டில் ஏறுகிற வெகுமதி பெரும்பாலும் ஏதாவது நடந்து, பிடித்த பிறகு கிடைப்பது. ஏட்டையாவுக்கு ஆடு திருடிய கும்பலைப் பிடித்ததற்கு ஒரு வெகுமதி கிடைத்தது. சந்தை வாசலில் நின்று ஆடு திருட்டையே குறைத்த வருடங்களுக்கு எதுவும் இல்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்வது நான்தான்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்கவும் முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். "இந்த ஸ்டேஷனில் வழக்கு குறைந்தது" என்று பாராட்டினால், அடுத்த மாதமே புகாரை வாங்காமல் விட்டு வழக்கைக் குறைக்கிற ஆள் வந்துவிடுவார். உண்மையான தடுப்பு வேலை தொடக்கத்தில் புகாரைக் கூட்டும். 2022-ல் கோவை மாவட்டக் காவல் துறை ப்ராஜெக்ட் பள்ளிக்கூடம் என்று பள்ளிகளுக்குப் போய்ப் பாலியல் கொடுமை பற்றிக் குழந்தைகளிடம் பேசத் தொடங்கியது. அதே வருடம் கோவை மாநகரில் கல்லூரி மாணவிகளுக்குப் போலீஸ் அக்கா திட்டம் வந்தது. இப்படிப் பேசினால் இதுவரை வாய் திறக்காதவர்கள் வாய் திறப்பார்கள், வழக்கு எண்ணிக்கை ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்து எந்த அதிகாரியையும் திட்டக் கூடாது. என்னைக் கேட்டால், ஒரு ஸ்டேஷனை மதிப்பிடக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த எல்லைக்குள் தனியாக இருக்கிற ஒரு கிழவிக்கு எந்தக் காவலரின் பெயராவது தெரியுமா?

விழா முடிந்த மறு வாரம் அந்த நாலு நோட்டையும் திருப்பிக் கொடுக்க ஆத்தாவின் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூம் சுவரில் இப்போது க்யூஆர் கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ரோந்துக்கு வருகிற காவலர் செல்போனில் ஸ்கேன் செய்துவிட்டால் வந்துபோன நேரம் பதிவாகிவிடும். பொய்க் கையெழுத்துக்கு இடம் இல்லை, நல்ல மாற்றம்தான். பக்கத்து ஆணியில் ஐந்தாவது நோட்டு தொங்கியது.

"அந்தப் பையன் போன்லயே எல்லாம் ஆயிரும்னு சொன்னானுங்க. எனக்குப் போன்ல பாக்கத் தெரியாது கண்ணு, இதுலயும் ஒண்ணு போட்டுட்டுப் போன்னு சொல்லிப்போட்டேன்" என்றார் ஆத்தா.

திறந்து பார்த்தேன். கடைசி வரியில் முந்தின நாள் தேதி, 2.05, எனக்குப் பழக்கமில்லாத ஒரு கையெழுத்து. பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில் நெருக்கி எழுதியிருந்தது: "தெற்கு வேலி பார்த்தேன். சரி."